ஈரப்பதம் 84

பேப்பர் மில்ஸ் ரோட்டில் செல்போன் கடைக்கு மேலே
படி ஏறினால் இடது கைப் பக்கம்.
சுவரில் ஒரு சின்ன மீட்டர். மணி காட்டாது,
காற்றில் எவ்வளவு தண்ணீர் என்று காட்டும்.
அறுபதைத் தாண்டினால் பசைக்குக் கோபம் வரும்
என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.
ஐப்பசியில், பெரம்பூரில்
அறுபதுக்கு எங்கே போவது?

முதல் இரண்டு வாரம் ரப்பர் தலை.
அதற்குக் கண் கலங்காது.
ஒருநாள் அதன் இமை என் துப்பட்டாவில் ஒட்டிக்கொள்ள
தெரியாமல் எழுந்து நின்றேன்.
இடுப்பில் ஆடிய தலையைப் பார்த்த கூரியர் பையன்
கையெழுத்து வாங்காமலே இறங்கிவிட்டான்.

அடுத்தது என் நாத்தனார் கோமளி.
டேப்பை உரித்தபோது
அவளுடைய சொந்த முடி மூன்று கூடவே வந்தது.
ஒரு வாரம் சோறு போடும்போதெல்லாம்
"மூணு" என்றாள்.
வேறெதுவும் சொல்லவில்லை.

தயிர்சாதத்தில் ஒன்று கிடந்தது ஒரு மத்தியானம்.
சி வளைவு, பதினொரு மில்லிமீட்டர்.
பார்த்ததும் அளவு சொல்ல முடிந்ததில்
கொஞ்சம் பெருமைகூட.

அம்பத்தூர் எக்ஸ்போர்ட் கம்பெனியில்
ஏழு வருஷம் பிசிறு வெட்டிய கை இது.
சட்டைக்கு வலிக்காது.
இங்கே ஒவ்வொரு பிசிறுக்கும் அடியில்
ஒருத்தி படுத்திருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை ரெஜினா படுத்தாள்.
வியாசர்பாடி பெட்ரோல் பங்கில் ராத்திரி ஷிஃப்ட்.
ஞாயிறு தம்பிக்கு நிச்சயதார்த்தம்,
மாடலாக வந்தால் காசில்லை என்று கேள்விப்பட்டிருந்தாள்.
கண்ணுக்குக் கீழே ஜெல் பேட் வைத்தேன்.
"மூச்சு விடலாமா?" என்றாள்.
அப்போதுதான் நானும் விட்டேன்.

வலது கண் எழுபத்திரண்டு.
ஒன்றைப் பிரித்து, பக்கத்தில் இருப்பவற்றை ஒதுக்கி,
பசையில் நுனி தொட்டு, வைத்து,
இரண்டு எண்ணி, அடுத்தது.
இடது கண்ணில் முப்பதாவதுக்குக் கரண்ட் போனது.

ஏசி பெருமூச்சு விட்டு நின்றது.
அறுபத்தைந்து. எழுபத்தொன்று.
மீட்டர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே
செல்போன் வெளிச்சத்தில் வேகமாக வைத்தேன்.
எண்பத்தி நாலு.
வியர்வையில் ஜெல் பேட் வழுக்கி இறங்கியதை
நான் பார்க்கவில்லை.

"திறக்கலாமா?"
"திற."
வலது திறந்தது.

என் வயிற்றுக்குள் ஒரு ஷட்டர் இறங்கியது.

இழுக்காதே என்று எனக்குச் சொன்னேன்.
தேய்க்காதே என்று அவளுக்குச் சொன்னேன்.
பத்மஜா மேடம் படிக்கட்டில் நின்று
ஈ.பி. ஆபீஸோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.
போனைப் பொத்திக்கொண்டு அங்கிருந்தே,
"ரிமூவர் ஜெல். கடுகளவு.
உள்ளே போச்சுன்னா நீ செத்தே."

நாற்பது நிமிடம்.
மேலே ஒன்று, கீழே ஒன்று,
எது எதைப் பிடித்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்து.
நடுவில் மெல்லிசாகக் குறட்டை.
"எரியுதா ரெஜினா?"
"எழுப்பாத. வெள்ளிக்கெழமைக்கப்பறம் இப்பதான்."
அழுதது நான்தான்.
பசை வாடை என்று சொல்லிக்கொண்டேன்.

திறந்தது.
வெள்ளையில் ஒரே ஒரு சிவப்பு நரம்பு.
சலைன் விட்டுக் கழுவி, காலண்டரைக் காட்டிப் படிக்கச் சொன்னேன்.
தேதி படித்தாள்.
ராகு காலம், எமகண்டம், நிறுத்தாமல் படித்தாள்.
அவள் முடி ஒன்றும் போகவில்லை. இரண்டு முறை எண்ணினேன்.

"இடதுல இன்னிக்கு வெக்கக் கூடாது. கண்ணு ஆறணும்.
சனிக்கிழமை வா. வலதையும் எடுத்துடவா?"
கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"ஒரு கண்ணு விசேஷத்துக்குப் போவுது,
ஒரு கண்ணு டூட்டிக்குப் போவுது. இருக்கட்டும் விடு.
பங்க்ல எவன் என் மூஞ்சியப் பாக்கறான்?
எல்லாம் ஜீரோவத்தான் பாப்பானுங்க."

படியில் செருப்புச் சத்தம் இறங்கிப் போனதும்
நோட்டை எடுத்தேன்.
மாடல்: ரெஜினா. வலது 72. இடது 0.
காரணம் என்ற இடத்தில்
ஈரப்பதம் 84 என்று எழுதினேன்.
மின்வெட்டு என்றும் எழுத இடமிருந்தது.
அடித்துவிட்டு
அவசரம் என்று எழுதி மூடினேன்.

மேடம் வந்து கேட்டபோது
நோட்டு திறக்கவில்லை.
விரலில் பசை இருந்திருக்கிறது.

"இழுக்காதீங்க" என்றேன்.