இரண்டு குறைய ஆறு

தெல்மா வாங்கிய மேசையோடு
நாலு நாற்காலிதான் வந்தன.
இன்னும் இரண்டு வேண்டுமானால்
பனி உருகும்வரை காத்திருக்கச் சொன்னான்
ஈரி நகரத்துக் கடைக்காரன்.

என்னிடம் இரண்டு இருந்தன.
கொரீனும் நானும் பிரிந்தபோது
அவள் மேசையை எடுத்துக்கொண்டாள்.
எனக்கொன்று, இன்னொருவருக்கு ஒன்று என
நான் இரண்டை எடுத்துக்கொண்டேன்,
அந்த இன்னொருவர் யாரென்று தெரியாமலே.

அதுவும் செர்ரி மரம், இதுவும் செர்ரி மரம்.
பக்கத்தில் வைத்தால்
கடுந்தேநீரும் தேனும்.

"பெயின்ட் அடித்துவிடேன்" என்றான் மைத்துனன் ரஸ்.
முப்பது வருடம் நகரப் பேருந்துகளுக்கு அடித்தவன் நான்.
மரத்தை மூடுவது எவ்வளவு சுலபமென்று
எனக்குத் தெரியாதா.

நவம்பர்.
கராஜில் ஹீட்டர் போட்டால் முழங்கால் மட்டும் சூடாகும்.
ஏரிக் காற்று கதவின் அடியில்
நாக்கை நீட்டி நீட்டிப் பார்க்கும்.
ரசாயனம் தடவினேன்; பழைய வார்னிஷ்
பாலாடைபோலச் சுருங்கி எழுந்தது.
சுரண்டினேன்.
பிறகு உப்புத்தாள். எண்பது, நூற்றிருபது, இருநூற்றிருபது.
எண் ஏற ஏறத் தோள் இறங்கியது.
கடைசல் கால்களின் இடுக்குகளில்
தாளை நாடாவாகக் கிழித்து
இப்படியும் அப்படியும் இழுத்தேன்,
நாற்காலிக்கு ஷூ பாலிஷ் போடுகிறவனாக.

கைப்பிடிகளில் மட்டும் கறுப்பு போகவில்லை.
பதினோரு வருடம் இரண்டு பேர்
பேசாமல் பற்றிக்கொண்டிருந்த இடம்.
அங்கே கொஞ்சம் அதிகமாக அழுத்தினேன்.
இப்போது அங்கே ஒரு பள்ளம்,
தடவினால் மட்டும் தெரியும்.

இருக்கையின் அடியில் ஆறு சாயம் பூசிப் பார்த்தேன்.
கவிழ்த்தால் ஏதோ ஒரு நாட்டின் கொடி.
மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவே இருந்தது
நான் தேடிய நிறம்.
இதில் ஒரு ஸ்பூன், அதில் அரை ஸ்பூன்
என்று மூச்சை அடக்கிக் கலந்தேன்.
மேலே வெயில் தாக்காத வார்னிஷ், மூன்று கோட்டு.
பெருமையில் நாலாவதும்.

நன்றி நாள் விருந்துக்கு ஆறு பேர்.
ஆறு நாற்காலியும் ஒரே அச்சு.
எது பழையதென்று யாரும் கண்டுபிடிக்கவில்லை.
நான் கேட்கும்வரை
யாரும் பார்க்கவே இல்லை.

ஜூலையில்தான் கவனித்தேன்.
மேற்கு ஜன்னல் வெயிலில்
புது மேசை, அதன் நாலு நாற்காலிகள்
எல்லாம் சொல்லாமல் கொள்ளாமல்
தேநீராகிக்கொண்டிருந்தன.
செர்ரியின் குணம் அது.
நான் சுரண்டிக் குப்பையில் போட்ட அதே நிறம்.
என்னுடையவை இரண்டு மட்டும்
நாலு கோட்டுக்குள்ளே பத்திரமாகத் தேன்.

"சும்மா விட்டிருந்தால் நாங்களே வந்து சேர்ந்திருப்போம்"
என்றாள் தெல்மா, மேசையின் சார்பில்.
"பொருந்த வேண்டுமென்று நான் எப்போது கேட்டேன்?"

யோசித்தேன். கேட்கவில்லைதான்.

மேசையைத் துடைக்கப் பழக்கிண்ணத்தைத் தூக்கினாள்.
அடியில் ஒரு வட்டம், வெளிர் தேன்,
வாங்கிய அன்றைக்கு இருந்தபடி.
நாற்காலி ஒன்றை இழுத்து வந்து
கைப்பிடியை வட்டத்தருகே சாய்த்துக் காட்டினேன்.
துளி வித்தியாசம் இல்லை.

"அடடா" என்றாள் உண்மையாகவே.
குனிந்து பார்த்தாள்,
பள்ளத்தில் கட்டைவிரலை ஒருமுறை ஓட்டினாள்,
பிறகு கிண்ணத்தைப் பழைய இடத்தில் வைக்காமல்
ஒரு சாண் தள்ளி வைத்தாள்.

இனி இரண்டு வட்டம் வரும்.