யார் பேஷண்ட்?

வேலூருக்கு என்றதும்
கிளையே ஒரு நிமிடம் அமைதியானது.
மேனேஜர் லீவ் லெட்டரைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டு
"பணம் ஏதும் வேணுமாம்மா" என்று குரலைத் தாழ்த்தினார்.
கோட்டை பார்க்க, சார் என்றாள் பிரிசில்லா.
அவர் நம்பவில்லை.

இரண்டு பகல், ஒரு ராத்திரி.
ஆளுக்கு ஆயிரத்து இருநூறு, அதற்குள் எல்லாம்.
கதவில் உள்தாழ்ப்பாள் வேண்டும்,
வாளியில் ஓட்டையில்லாத மக்,
காட்பாடியில் இறங்கினால் ஒரே பஸ்.
கோட்டைக்கு நடந்தே போகணும்,
ஆட்டோக்காரரோடு பேரம் பேச
லீவ் நாளில் தெம்பில்லை எனக்கு.

ஸ்டேஷன் பக்கம் மலிவுதான்,
ஆனால் ஊர் ஆற்றுக்கு அந்தப்புறம்.
புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் லிஃப்ட் உண்டு,
விடியவிடிய ஹாரனும் உண்டு.
தங்கக் கோயில் ரோட்டு ஓட்டலில் நீச்சல் குளம்;
போன் படத்தில் பார்த்த அந்தத் தண்ணீர்
மறுநாள் பாலத்தில் போகும்போது
கீழே பாலாற்றில் கிடந்ததைவிட அதிகம்.

ஒன்றாம் நம்பர் பஸ்.
ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் பாதி பஸ் இறங்கியது,
எக்ஸ்ரே உறைகளை
வெயில் படாமல் நெஞ்சோடு அணைத்தபடி.
நாங்களும் இறங்கினோம்
கையில் ஆளுக்கொரு துணித் தொப்பியோடு.

சந்துக்குள் சந்து.
போர்டுகளில் மேலே வங்காளம், நடுவே இந்தி,
இடம் மிஞ்சினால் தமிழ்.
முதல் லாட்ஜில் மாத வாடகை மட்டும்.
அடுத்ததில் ஆஸ்பத்திரி நம்பர் சொன்னால் நூறு ரூபாய் குறைவு.
எங்களிடம் நம்பர் இல்லை.
அதற்காக வருத்தப்பட்டது ஒரு நொடி,
பிறகு அந்த நொடிக்காக வெட்கப்பட்டது
தெருமுனை வரைக்கும்.

மூன்றாவதில் முனவ்வர் பாய்
லெட்ஜரைத் திருப்பி, பேனா மூடியைக் கடித்துக்கொண்டே கேட்டார்:
"யாரும்மா பேஷண்ட்?"

நான் பிரிசில்லாவைப் பார்த்தேன்.
அவள் என்னைப் பார்த்தாள்.
"சும்மா வந்தோம்."
சும்மாவுக்கு அந்த லெட்ஜரில் கட்டம் இல்லை.
ஒரு கோடு இழுத்துவிட்டுச் சொன்னார்,
ஃபேன் ரூம் எழுநூற்றைம்பது,
கேஸ் அடுப்பு நாளுக்கு அறுபது, குக்கர் இருபது,
கஞ்சி வைக்கணும்னா சின்னப் பாத்திரம் சும்மாவே தர்றேன்.

சாயங்காலம் முழுக்கக் கோட்டை.
மதிலோரம் படியேறி இறங்கி, திரும்ப ஏறி,
அகழியின் பச்சைத் தண்ணீரில்
யாரோ எறிந்த பொரிக்கு மீன்கள் வாய் திறப்பதைப் பார்த்து,
யாளிகளோடு போட்டோ எடுத்து,
சத்தமாகச் சிரித்தோம்.
கோட்டை வாசல் தாண்டியதும்
சிரிப்பு தானாகவே குறைந்தது.

இரவு வராந்தா எங்கும் கடுகெண்ணெய் வாசம்.
எதிரறைப் பெண் சோற்றுக் குக்கரின் மூன்றாவது விசிலுக்குக் காத்து நின்றாள்.
அவள் பாஷை எங்களுக்குத் தெரியாது.
தன் அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினாள்,
பிறகு எங்களை நோக்கி விரலை நீட்டிப்
புருவத்தை உயர்த்தினாள்:
உங்களுக்கு எங்கே?

இல்லையென்று சொல்லத்
தலையசைத்தால் போதும்.
பிரிசில்லா முழங்காலைத் தொட்டுக் காட்டினாள்.
பொய்யில்லை, படியேறிய வலி இருந்தது.
அந்தப் பெண் உள்ளே போய்
பாதி தீர்ந்த தைல பாட்டிலோடு வந்தாள்.
ராத்திரி முழுக்க எங்கள் அறை
அவள் அறையைப் போலவே மணத்தது.

காலையில் சாவியைக் கொடுத்தபோது
முனவ்வர் பாய் லெட்ஜரிலிருந்து நிமிரவில்லை.
"ரிசல்ட் எல்லாம் நார்மல்தானே?"
நார்மல் பாய் என்றேன்.
"அல்ஹம்துலில்லா" என்று
கல்லாவைத் திறந்து ஐம்பது ரூபாயைத் திருப்பித் தந்தார்.
வேண்டாமென்று சொல்ல ஒரு வாக்கியம் யோசித்தேன்.
அது அமைவதற்குள்
பின்னால் ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது, வழி விட்டோம்.

ஸ்டாப்பில் இரண்டு எலுமிச்சை சோடா,
உப்புப் போட்டது,
சரியாக ஐம்பது.
பஸ் வருவதற்குள் குடித்து முடித்திருந்தோம்.