ஜெசிந்தாவின் கையெழுத்து

வேலைக்குச் சேரும்போது மூன்று கேள்வி கேட்டார்கள்.
எழுத்துக் கூட்டத் தெரியுமா.
எழுபது கிலோ தூக்குவியா.
புருஷன் வந்து சத்தம் போடுவானா.

தெரியும், தூக்குவேன், போடமாட்டார்,
அவர் போய் ஆறு வருஷம் என்றேன்.
ஃபெலிக்ஸ் சார் ஆதாரை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு
ராத்திரி டூட்டி, எட்டிலிருந்து எட்டு,
ஏழாயிரத்து ஐநூறு என்றார்.

உள்ளங்கையைப் பார்க்கவில்லை.
சின்னப்பாலத்தில் பதினெட்டு வருஷம்
விரலில் துணி சுற்றி
பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசி பிய்த்த கை.
மூச்சை அடக்கத் தெரியும் எனக்கு.
கற்றதில் அது ஒன்றுதான் இங்கே உதவுகிறது,
மூன்றாம் அறைக் கதவைத் திறக்கையில்.

மண்டபம் ரயில்வே கேட்டைத் தாண்டி
சவுக்குத் தோப்புக்குள் இருக்கிறது இல்லம்.
இருபத்து மூன்று கட்டில்.
பிள்ளைகள் தோகாவில், டொராண்டோவில், திருப்பூரில்.
ராத்திரிக்கு நான் ஒருத்தி.
கையுறைப் பெட்டி அலமாரியில்,
அலமாரிச் சாவி சாரிடம்.

வரவேற்பறைச் சுவரில்
கண்ணாடிச் சட்டத்துக்குள் ஜெசிந்தா.
பி.எஸ்சி. நர்ஸிங், முதல் வகுப்பு.
குவைத் போய் இரண்டு வருஷமாம்.
மாதாமாதம் சான்றிதழுக்கு வாடகை போகிறதாம்.
சமையல் பஞ்சவர்ணம் சொன்னாள்:
"நம்பு, உன்னவிட அந்தக் காயிதத்துக்குச் சம்பளம் கூட."

பதிவேட்டில் ஜெசிந்தா தினமும் வருகிறாள்.
இரண்டு மணிக்குப் புண் துடைத்துப் புரட்டிப் படுக்கவைக்கிறாள்.
ஐந்து மணிக்கு ரத்த அழுத்தம்.
ஆறு மணிக்கு இன்சுலின்.
எல்லாம் ஒரே நீல மையில்,
சாயங்காலமே எழுதி வைத்துவிடுவார் சார்.
அவ்வளவு அழகான கையெழுத்து.

ஆய்வுக்கு ஆள் வரும் நாளில்
இளநீல யூனிஃபார்ம் கொடுப்பார்கள்.
அளவு பெரிது, அக்குளில் குண்டூசி.
போன மாசியில் வந்த அம்மா என்னைப் பார்த்து
"நீங்கதான் ஜெசிந்தாவா?" என்றார்.
சாரின் மூக்குக்கண்ணாடி என் பக்கம் திரும்பியது.
ஆமாம் என்றும் இல்லாமல் இல்லை என்றும் இல்லாமல்
தலையை ஆட்டினேன்.
மீன் ஏலத்தில் கற்றது.
அவர் டிக் போட்டார்.
நாலு மணிக்கு யூனிஃபார்மைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்,
குண்டூசியையும்.

நேற்று கச்சான் காற்று. கரண்ட் இல்லை.
ஏழில் ஒருவர் கட்டிலிலிருந்து விழுந்தார்.
அவரைத் தூக்கி முடிப்பதற்குள் ஒன்பதில் வாந்தி.
மூன்றாம் அறைக்கு நான் வந்தபோது மணி மூன்று நாற்பது.

வியாகப்பன். இரண்டு விசைப்படகு வைத்திருந்தவர்.
எண்பத்தாறு கிலோ.
என்னை 'ஏய்' என்பதைத் தாண்டிக் கூப்பிட்டதில்லை,
ஒரு தடவை கடித்திருக்கிறார்.
உடம்பெல்லாம் வேர்த்துச் சில்லிட்டிருந்தது.
உதட்டுக்குள் சீனி தடவினேன்.
நூற்றி எட்டுக்கு அடித்தேன்.
சாருக்குப் பதினோரு தடவை அடித்தேன்.
நாலு பத்துக்கு என் கையைப் பிடித்திருந்த பிடி
தானாக விட்டது.

காலையில் டாக்டர் பதிவேட்டைப் புரட்டினார்.
வியாகப்பன், ஐந்து மணி, நூற்று முப்பதுக்கு எண்பது.
ஆறு மணி, இன்சுலின் பத்து யூனிட்.
கொடுத்தவர்: ஜெசிந்தா.
டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.
சார் சன்னலைப் பார்த்தார்.
பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு
அந்தத் தாளைக் கிழித்துவிடு என்றார்.

பக்க எண் அச்சடித்த பதிவேடு.
நூற்றுப் பன்னிரண்டுக்குப் பிறகு
நூற்றுப் பதினான்கு எப்படி வரும்?

பஞ்சவர்ணத்தின் மளிகைக் கணக்குப் பேனா, சிவப்பு.
ஜெசிந்தாவுக்குக் கீழே எழுத்துக் கூட்டி எழுதினேன்:
மூன்று நாற்பதுக்கு வந்தேன். சீனி கொடுத்தேன்.
இன்சுலின் நான் போடவில்லை, போடத் தெரியாது.
நாலு பத்து.
நம்புச்செல்வி, சின்னப்பாலம்.
'ச்'சுக்குப் புள்ளி வைத்தேனா என்று
இன்னும் சந்தேகமாக இருக்கிறது.

மணி எட்டே முக்கால்.
பகல் டூட்டிக்கு ஆள் வரவில்லை.
சார் யாருக்கோ போன் பேசிக்கொண்டிருக்கிறார்.
ஒன்பதில் மறுபடி மணி அடிக்கிறது.