வரைபடத்தில் பதினொன்று

ஓசூர் ஸ்டேஷனுக்குப் பின்னால், மூன்றாவது குறுக்குத் தெரு.
ராத்திரி பதினொன்றரைக்கு
இரு முனையிலும் மூடி திறந்தாயிற்று.
யாரும் இறங்கவில்லை.
இறங்குவது கேமரா:
நாலு சக்கரம், ஒரு விளக்கு,
வாலாக என் கையில் அறுபது மீட்டர் கேபிள்.

வேன் கதவில் சாய்ந்து திரையைப் பார்க்கிறேன்.
குளிர் கணுக்காலில் ஏறுகிறது.
எட்டாவது மீட்டரில் விரிசல், மணல் லாரி போட்ட கோடு.
பத்தொன்பதில் புங்கன்வேர்,
அவிழ்த்த கூந்தல் என்று சொல்ல வந்தேன்.
இல்லை, தேங்காய் நார். தேங்காய் நார்தான்.
முப்பத்தொன்றில் குழாயின் மேல்பாதியையே காணோம்,
மண் மட்டும் பழக்கத்தில் வளைந்து நிற்கிறது.
அதற்கு நேர் மேலேதான் தினமும் பால்வண்டி நிற்கும்.

தோண்டினால் தெருவே இருக்காது என்றார் முனிரத்தினம்.
பன்னிரண்டடிச் சந்து, கடைக்கால் ஆழமில்லாத வீடுகள்.
அதனால் குழாய்க்குள் ஒரு குழாயை வளர்க்கிறோம்.

உறை வந்தது ரோஜா ஏற்றும் குளிர்வண்டியில்.
பேரிகையிலிருந்து ஏர்போர்ட்டுக்கு ஓடுகிற வண்டி,
இன்றைக்கு எங்களுக்கு வாடகை.
பிசின் குடித்த கம்பளி; சூடு பட்டால் முடிந்தது கதை.
பூவுக்கும் அதற்கும் ஒரே பயம்.

தலையணை உறைக்குள் கைவிட்டுப் புரட்டுவதுபோல
தண்ணீரின் எடை அதை உள்வெளியாகத் திருப்பித் திருப்பி
இருட்டுக்குள் தள்ளிக்கொண்டு போகிறது.
பிறகு பாய்லர். மூன்று மணி நேரம் வெந்நீர்.
தெரு முழுக்க பெயின்ட் கடை வாடை.
ஒரு ஜன்னல் திறந்து, இருமி, மூடிக்கொள்கிறது.
சாயங்காலமே வீடு வீடாகச் சொல்லியிருந்தோம்:
விடியும்வரை குழாயில் தண்ணி விடாதீங்க,
ரொம்ப அவசரம்னா
அடக்கிக்குங்க.

நாலு மணி. மறுபடி கேமரா.
விரிசல் இல்லை, நார் இல்லை, மூட்டே இல்லை.
உடைந்தது உடைந்தபடியே வெளியே இருக்கிறது.
அதன் வடிவத்தைக் கடன் வாங்கி
இது நிற்கிறது.
ஆனால் எல்லா வாயும் மூடிப்போயின.
வீட்டுக் குழாய் சேர்ந்த இடத்திலெல்லாம்
கன்னக்குழி மாதிரி ஒரு பள்ளம்.
கட்டரை அனுப்பி ஒவ்வொன்றாகத் திறக்கவேண்டும்.
எண்ணிக்கொண்டே போகிறேன்.
வரைபடத்தில் பதினொன்று.
திரையில் பன்னிரண்டு.

நாற்பத்து நாலாவது மீட்டர், இடப்பக்கம், கொஞ்சம் சாய்வாக.
முதல் ஓட்டத்தில் அதை உடைசல் என்று குறித்திருந்தேன்.
யாரோ உளி வைத்துத் தட்டி
துணி சுற்றிச் செருகிய குழாய்.
அந்தப் பக்கம் வரி கட்டும் வீடு கிடையாது.
தண்டவாளத்தை ஒட்டிய வரிசை மட்டும்,
கழிப்பறை இல்லை என்று நகராட்சி எழுதிவைத்திருக்கிற வரிசை.

முனிரத்தினம் தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.
"லிஸ்ட்ல இல்லாததுக்கு பில் போட முடியாது."
"பில் வேணாம் சார்."
"வெட்டினா நாம கொடுத்த கனெக்‌ஷன் ஆயிடும்."

வெட்டாவிட்டால்
விடிந்ததும் அங்கே ஒரு கை முதல் வாளியை ஊற்றும்.
அது போகாது.
திரும்பி வரும், படுத்திருக்கிறவர்கள் பாய்வரை.

கட்டர் ஓட்டுவது சந்திரப்பா.
மூடி திறக்கும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிவைப்பவன்.
ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை.
ஏழு, எட்டு என்று வெட்டிக்கொண்டே வந்தவன்
ஒன்பதுக்கு முன்னால் நிறுத்தினான்.
இயந்திரத்தின் கை அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"பாய்லரை ஒருவாட்டி பாத்துட்டு வரேன்"
என்று எழுந்து போனார் முனிரத்தினம்.
பாய்லரை அணைத்து முக்கால் மணி ஆகியிருந்தது.

ஆறு இருபதுக்கு, கேமராவை வெளியே இழுக்கும் நேரம்,
நாற்பத்து நாலில் சலசலப்பு.
சோப்பு நுரை.
பின்னாலேயே பல்பொடியின் இளஞ்சிவப்பு,
புதுச் சுவரில் ஒட்டாமல்
சரசரவென்று கீழ்முனைக்கு.

அறிக்கையில் எழுதினேன்: திறந்தவை, பதினொன்று.
வீடியோவையும் இணைத்திருக்கிறேன்.
அதை யாரும் கடைசிவரை பார்ப்பதில்லை.