எத்திலீன் குடித்தனம்

செம்மடைக்கு மேற்கே, தகர ஷெட்டுக்குள்
மூன்றாம் நம்பர் எக்ஸ்ட்ரூடர் என்னுடையது.
இரவு எட்டுக்கு மூட்டை பிரிப்பேன்.
இருபத்தைந்து கிலோ, வெள்ளைக் குருணை.
சேலத்து ஜவ்வரிசி என்று நினைத்து
ஹெல்பர் மாஞ்சியின் மகன் ஒருமுறை
வாயில் போட்டுத் துப்பினான்.

தொட்டியில் இறங்கிய குருணையைத்
திருகு கழுத்தைப் பிடித்துத் தள்ளும்.
நூற்றெண்பது, இருநூறு, இருநூற்று இருபது என்று
அடிக்கொரு சூடு ஏறும் குழாய்.
குழாயின் முனையில் கண் வைத்த தட்டு.
சந்தகை மரம்தான்,
பிழியும் ஆள் மட்டும் மோட்டார்.

நூல் தண்ணீரில் விழுந்து விறைக்கும்.
விறைத்ததை மறுபடி சூடு காட்டி
ஆறு மடங்கு இழுப்போம்.
இழுக்காத நூல் விரலில் சவ்வாய் நீளும்.
இழுத்த நூல் விரலையே அறுக்கும்.
என் சுட்டுவிரலைக் கேளுங்கள்.
அப்புறம் பாபின், பின்னல், கொசுவலை.

சென்னியப்பனுக்கு வேலாயுதம்பாளையத்தில்
வாழைக்காய் குடோன்.
பூவன் தார்களை அடுக்கிக் கதவடைத்து
சிலிண்டரைக் கொஞ்சமாய்த் திறந்து மூடுவார்.
கல்யாணமான புதிதில்
அதன்மேல் எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்தேன்.
"ஏனுங், இதுதானுங் எங்க மூட்டைக்குள்ளயும் இருக்குது."
அவர் நம்பவில்லை.
காற்றைப் போய் யார் மூட்டை கட்டுவார்கள்?

ஈரோட்டு பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம்
நான் படித்தது இவ்வளவுதான்:
கடலடியில் செத்துப் படிந்த கண்காணா உயிர்கள்
பாறைக்கடியில் கோடிக்கணக்கான வருஷம் வெந்து எண்ணெயாயின.
எண்ணெயை வடித்து, அதில் நாப்தாவைப் பிரித்து,
நீராவியோடு உலையில் விட்டு உடைத்தால்
எத்திலீன்.
இரண்டு கரியணு
இரண்டு கையாலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும்.
அப்படி ஜோடியாய்த் திரியும்வரை
வாழைக்காயின் காதில் போய்
போதும், பழு என்று சொல்லும்.

வினையூக்கி என்று ஒருவன் குறுக்கே வந்து
ஒரு கையை விடு என்கிறான்.
விட்ட கை பக்கத்து ஜோடியைப் பிடிக்க
அவர்கள் விட்ட கை அதற்கடுத்ததை,
ஆயிரம், பத்தாயிரம் என்று
கோத்துக்கொண்டே போகும் சங்கிலி.
அதற்குப் பிறகு அது
யாரையும் பழுக்கச் சொல்லாது.
தானும் அழுகாது.

"என்ற சரக்கு நாலு நாள்ல அழுகிப்போயிருது.
உன்ற சரக்கு, புள்ள?"
சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டே கேட்டார்.
அமராவதிப் பாலத்தடியில்
எங்கள் பச்சை வலை சீமைக்கருவேல முள்ளில்
கிழிந்து தொங்குவதை
அவரும் பார்த்திருக்கிறார், நானும்.
டெங்கு வந்த வருஷம்
ஆஸ்பத்திரிக்கு நாலாயிரம் வலை போட்டோம் என்றேன்.
அவர் கேட்டது அதுவல்ல.

சனிக்கிழமை நடுராத்திரி கரண்ட் போனது.
ஜெனரேட்டரில் டீசல் இல்லை.
இரண்டு மணி நேரம் பாகு குழாய்க்குள்ளேயே கிடந்தது.
நல்ல பாகு ஆறினாலும் பாதகமில்லை,
கவுந்தப்பாடி வெல்லம் மாதிரி
எத்தனை தரம் உருக்கினாலும் இளகும்.
(சுவரில் இருக்கும் கறுப்பு சுவிட்சு வேறு ஜாதி,
அது சுட்ட செங்கல், திரும்பி வராது.)
ஆனால் கருகியது அரவைக்கும் ஆகாது.
விடியும்வரை நானும் மாஞ்சியும் தள்ளித் தள்ளி
வெளியே எடுத்தோம் ஒரு கட்டி,
தேங்காய் அளவு, பச்சையும் பழுப்புமாய்.
டிபன் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
ஏன் என்று எனக்கே தெரியாது.
அப்போதும் அடிவயிற்றில் சூடு இருந்தது அதற்கு.

அவர் அதை குடோனுக்கு எடுத்துப் போய்விட்டார்.
ஒரு நாள் ஆனதும் அறைக்கு மூச்சு விட வேண்டும்,
கதவோ தானே சாத்திக்கொள்ளும் கதவு.
இத்தனை நாள் உடைந்த செங்கல்.
இப்போது என் கட்டி.

போய்ப் பார்த்தேன்.
திறந்த கதவின் காலடியில் அது உட்கார்ந்திருக்க
மிச்சமிருந்த வாயு
அதை உரசிக்கொண்டு
வெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது.
"செங்கல்லைவிட நல்லா நிக்குது" என்றார்.
சீப்பில் ஒன்றைப் பிய்த்துத் தின்றேன்.
தோலை வாசலில் நின்ற மாடு தின்றது.
பிறகு கட்டியையும் ஒருமுறை முகர்ந்து
சற்று நேரம் அங்கேயே நின்றது.