சத்தியவேட்டில் ஞாயிற்றுக்கிழமை

ஷேர் ஆட்டோ இறக்கிவிட்ட முனையில்
எல்லா எழுத்தும் தலையில் ஒரு டிக் வாங்கி நின்றது.
மருந்துக்கடை, கோழிக்கறி, பல் டாக்டர், வட்டிக்கடை
எல்லோரும் பாஸ்.
படிக்கத் தெரியாதவள் நான் ஒருத்திதான்.
இத்தனைக்கும்
ஊத்துக்கோட்டை இங்கிருந்து அரைமணி நேரம்.

என் பின்னால் ஹ்வே இறங்கினாள்.
ஹைஃபோங்கிலிருந்து வந்து ஒன்பது நாள்.
ஷூ கம்பெனியில் எங்கள் லைனுக்குத் தையல் சொல்லித்தர வந்தவள்.
அங்குலத்துக்கு ஒன்பது தையல்.
எட்டு இருந்தால் ஒரு சொல் பேசாமல்
ஷூவை என் பக்கமே தள்ளிவிடுவாள்.
ஆட்டோவில் எத்தனை பேர் என்று எண்ணியிருக்கிறாள் போல.
பத்து விரலையும் விரித்துக் காட்டி
பதினொன்றுக்கு
என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

எதிர்ப்பக்கம்தான் கடைகள்.
நான் நின்றேன். எப்போது ரோடு காலியாகும் என்று
காலம்காலமாய் நிற்பதைப்போல நின்றேன்.
அவள் போனில் எதையோ சொன்னாள்,
போன் செய்தி வாசிக்கும் குரலில் தமிழ் பேசியது:
நிற்க வேண்டாம். ஓட வேண்டாம்.
ஒரே வேகத்தில் நடக்கவும். அவர்கள் உங்களைச் சுற்றிச் செல்வார்கள்.

நடந்தோம்.
ஸ்கூட்டர்கள் சுற்றிப் போயின.
புல்லுக்கட்டுக்குள் மறைந்த டிவிஎஸ் சுற்றிப் போனது.
ஒரு எருமை, ரொம்ப மரியாதையாக, சுற்றிப் போனது.
தடா பக்கமிருந்து வந்த மணல் லாரிக்கு
அந்தச் சட்டம் தெரிந்திருக்கவில்லை.
காலரைப் பிடித்து இழுத்தேன்.
தெலுங்கு வசவு ஒன்று
எங்கள் இரண்டு பேர் மேலும் சரிபாதியாக விழுந்தது.
மொழி புரியாமலே
முழுசாகப் புரிந்தது.

டீக்கடையில் அவள் எதையோ தேடினாள்.
முழங்கால் உயரத்துக்குக் கையைத் தாழ்த்திக் காட்டினாள்.
ஸ்டூல்.
அவள் ஊரில் தெரு என்றால் உட்கார்வதாம்.
சிவப்பு பிளாஸ்டிக்கில், சாக்கடைக்கு ஒரு சாண் தள்ளி,
பெண்களும், பேங்க் மேனேஜரும், எல்லோரும்.
இங்கே பெஞ்சு நிறைய ஆண்கள்.
அவள் கவிழ்த்துப் போட்ட பால் கிரேட்டில் உட்கார்ந்தாள்.
ரேடியோவைத் தவிர எல்லாம் நின்றது.
வடை பிய்த்த கை பிய்த்தபடி.
எனக்குக் காது சுட்டது.
பிறகு, ஒன்றும் யோசிக்காமல்,
இன்னொரு கிரேட்டை இழுத்துப் போட்டு நானும் உட்கார்ந்தேன்.
டீ கொஞ்சம் தாமதமாக வந்தது.
வந்தது.

பில்லின் பின்பக்கம் பெயர் எழுதினாள்.
இங்கிலீஷ் எழுத்துதான்; ஆனால் கடைசி எழுத்துக்கு
மேலே ஒரு தொப்பி, அடியில் ஒரு புள்ளி.
நான் பொற்செல்வி என்று எழுதினேன்.
என் இரண்டு புள்ளியையும் தொட்டுப் பார்த்தாள்,
அவள் புள்ளி கீழே ஏன், என் புள்ளி மேலே ஏன் என்பதுபோல.
எனக்கு எப்படித் தெரியும்?

பூக்கடையில்தான் அது.
சாமந்தி, கனகாம்பரம் எல்லாம் தாண்டி
ஈரச் சாக்கில் கிடந்த வெள்ளைக் குவியலுக்கு முன் நின்றுவிட்டாள்.
லில்லி, என்றாள் பூக்காரம்மா.
சம்பங்கி, என்றேன் நான்.
ஹ்வே, என்று
தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள் அவள்.
பூக்காரம்மாவுக்கு விளங்கவில்லை.
எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது.
விளங்கியதும் சிரித்தேன்,
அவள் சிரிக்கவில்லை.
குனிந்து மோந்து பார்த்தாள். நிமிர ரொம்ப நேரமாயிற்று.
அவள் வீட்டில் இதை யார் படத்துக்கு முன் வைப்பார்களோ,
போனைக் கேட்டிருக்கலாம்.
போன் பையிலேயே இருந்தது.

தராசில் தன் பெயரை நூறு கிராம் வாங்கினாள்.
இருபது ரூபாய். பேரம் பேசத் தெரியவில்லை.

திரும்பி வரும் ஆட்டோவில் பதின்மூன்று பேர்.
மடியில் பை, பைக்குள் அந்த வாசனை.
டிரைவர்கூட ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

திங்கட்கிழமை
ஷூ என் பக்கமே தள்ளப்பட்டு வந்தது.
ஒன்பது என்று விரல் காட்டினாள்.
அதற்கு அவள் விரல்களே போதுமாயிருந்தன.