இடப்பக்கம், வலப்பக்கம்

பர்துபித்சே பழம்பொருள் சந்தையில்
இருபது கொருனாவுக்கு வாங்கிய படம்.
உள்ளங்கைக்குள் அடங்கும்.
ஒரு மூலையை ராமபாணப் பூச்சி அரித்திருந்தது.
ராணுவ லாரியின் பின்பாதி மட்டும்;
கேபின் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது.
ஏணிப்படியில் ஒரு சிப்பாய்,
சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறான்.
படத்தின் முதுகில் பென்சிலில் இரண்டே சொல்:
எங்கள் இருட்டறை.

ப்ராகா லாரி கடையில் கிடைக்கும்.
முப்பத்தைந்தில் ஒரு பங்கு,
சாம்பல் நிறத் துண்டுகளாக,
தார்ப்பாய் போர்த்திய முதுகோடு.
புகைப்படம் கழுவும் அறையைச் சுமந்த ப்ராகாவை
யாரும் அச்சில் வார்க்கவில்லை.
வரைபடமும் இல்லை.

சக்கரம் இருந்தது.
படத்தில் ஒன்று, என் மேஜையில் ஒன்று.
சக்கரத்தை வைத்துச் சுவரை அளந்தேன்,
சுவரை வைத்துக் கதவை,
கதவை வைத்து அந்தப் பையனை:
ஐந்து சென்டிமீட்டர்.
நிஜத்தில் நூற்று எழுபத்தைந்து.
என் உயரம்.

ரயில் யார்டில் இரவுப்பணி முடித்து வந்து
காலை வெளிச்சத்தில் பிளாஸ்டிக் தகடு அறுப்பேன்.
கத்தியால் ஒரு கோடு, அதே கோட்டில் இன்னொன்று,
பிறகு மெல்ல மடக்கினால்
டிக்கென்று ஒரு சுவர்.
புகைபோக்கிக்குக் காது குடையும் பஞ்சுக் குச்சி.
கைப்பிடிக்கு கிட்டாரின் மிக மெல்லிய தந்தி.
நூற்று நாற்பது ஆணித்தலைகள்,
ஊசி முனையில் தொட்டு வைத்த பசைத்துளிகள்;
தும்மல் வந்தால் சமையலறைக்கு ஓடிவிடுவேன்.

எதைப் பார்த்தாலும் முப்பத்தைந்தால் வகுக்கும் நோய் வந்தது.
ரொட்டிக் கடைக் கதவு, ஆறு சென்டிமீட்டர்.
டாக்டர் என் ரத்த அழுத்தம் நூற்று நாற்பது என்றார்.
நாலு, என்று நினைத்துக்கொண்டேன். பரவாயில்லை.

படத்தில் தெரியாத பக்கத்தை வெறுமனே விட்டேன்.
ஜன்னல் வேண்டாம். இருட்டறைக்கு எதற்கு ஜன்னல்?

பிப்ரவரியில் கடைசி விளிம்பும் ஒட்டியது.
இந்தப் பசை ஒட்டுவதில்லை,
இரண்டையும் உருக்கி ஒன்றாக்கிவிடும்.
பிரிக்க நினைத்தால் உடைக்கத்தான் வேண்டும்.

அன்று மாலை
நாலாம் மாடி த்ராஹோமீரா
துளைபோடும் மெஷினைக் கடன் கேட்டு வந்தாள்.
இருபத்தாறு வருஷம் ஆலையில் சட்டை தைத்தவள்.
லாரியைத் திரும்பியும் பார்க்கவில்லை.
படத்தை எடுத்து மூக்கருகே வைத்து,
"இவன் ஏன் பொம்பளைச் சட்டை போட்டிருக்கிறான்?"
என்றாள்.

அவள் போன பிறகு பூதக்கண்ணாடி.
பொத்தான் எதிர்ப்பக்கம்.
கடிகாரம் வலது மணிக்கட்டில்;
இடதுகைக்காரன் என்று
நாலு மாதமாக நானே முடிவு கட்டியிருந்தேன்.

நெகட்டிவைத் தலைமாற்றி வைத்திருக்கிறார்கள்.
இந்தப் பெட்டிக்குள்தான்,
சிவப்பு விளக்கில்,
அவனோ அவன் தோழனோ
அவசரத்தில் மறுபக்கத்தை மேலே போட்டிருக்கிறான்.
படத்தில் உலகமே இடம் மாறிப்போயிருக்க,
நான் மில்லிமீட்டர் பிசகாமல்
கண்ணாடிக்குள் நின்று சுவர் எழுப்பியிருக்கிறேன்.
புகைபோக்கி தப்பு. ஏணி தப்பு. கீல் தப்பு.
ஒன்றும் இல்லாத சுவர் கூட
தப்பான பக்கத்தில் ஒன்றும் இல்லாமல் இருக்கிறது.

இரண்டு நாள் மேஜைப் பக்கம் போகவில்லை.
யாருக்குத் தெரியப்போகிறது, என்றேன்.
மாடிப்படியில் த்ராஹோமீரா,
"சட்டை என்ன ஆச்சு?" என்றாள்.

புதுத் தகடு வாங்கினேன்.
அட்டையில் வெட்டிய அதே அச்சுகள்;
கவிழ்த்துப் போட்டால் போதும்.
நாலு மாத வேலை மூன்று வாரத்தில் முடிந்தது,
அதுதான் கொஞ்சம் உறுத்தியது.
பழைய பெட்டியில் இப்போது
மழுங்கிய பிளேடுகளைப் போட்டு வைக்கிறேன்.

கூரையை மூடுமுன்
உள்ளே குறுக்காக ஒரு கம்பி கட்டினேன்,
தலைமுடி கனத்தில்.
அதில் உலர ஏழு புகைப்படங்கள்,
எள்ளளவுக் காகிதத்தில் சாம்பல் பூசியவை.
ஒன்றைத் திருப்பித் தொங்கவிட்டிருக்கிறேன்.
எது என்று கேட்காதீர்கள்,
கூரையை ஒட்டியாயிற்று.